ஜெய்னப்பின் அடுப்பு

கடலூர் துறைமுகக் கிடங்கில் பொழுதெல்லாம் நின்று, கால் கடுக்க வீடு திரும்பிய தட்சிணாமூர்த்தியை வாசலிலேயே மறித்துக்கொண்டாள் பக்கத்து வீட்டு ஜெய்னப்.

“அண்ணே, உங்க வீட்டம்மா பண்ணியிருக்கற காரியத்த வந்து பாருங்க!”

செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை. போய்ப் பார்த்தார்.

அடுப்பு சாம்பலும் சேறுமாகக் கிடந்தது. உள்ளே, பெரிய அடுப்பிலிருந்து அதையொட்டிய சின்ன அடுப்புக்குத் தீ போகும் வழியில் இருந்த மெல்லிய மண்தடுப்பு வெடித்து விழுந்திருந்தது. அவர் மனைவி மங்கலம் கையில் கொட்டாங்கச்சியோடு மூலையில் நின்றாள்.

“நெருப்பு வேணும்னு வந்தாங்கண்ணே. எடுத்துக்குங்கன்னு சொல்லிட்டு கொல்லப்பக்கம் போனேன். திரும்பி வரதுக்குள்ள உலைப்பானைய அடுப்பு மேலயே கவுத்துட்டாங்க. எரியற அடுப்புல தண்ணி ஊத்தினா என்னாவும்? யா அல்லா, இது கூடவா தெரியாது?”

தட்சிணாமூர்த்திக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஜெய்னப் அந்த அடுப்பைக் காபந்து பண்ணுகிற சீர் தெருவுக்கே தெரியும். புற்றுமண்ணும் உமியும் குழைத்து அவளே போட்டது. பருத்த விறகு தடுப்பில் இடித்துவிடுமாம், அதனால் சுள்ளிதான் வைப்பாள். பானை பொங்கினால் கை சுட்டாலும் பரவாயில்லை என்று தூக்கிவிடுவாள். புருஷன் யுத்தத்தில் ரங்கூன் கடையைப் பறிகொடுத்ததோடு சரி, எங்கே இருக்கிறான் என்ற தகவல்கூட இல்லை. அந்த வீட்டில் உருப்படியாக இருந்தது அடுப்பு ஒன்றுதான். அதற்கும் வந்தது வினை.

“புதுசு போட்டா காயறதுக்கே வாரக்கணக்கா ஆவும். அது வரைக்கும் பிள்ளைங்களுக்கு நான் என்னத்த ஆக்கிப் போடுவேன்?”

“கை தவறிடிச்சி ஜெய்னப்பு,” என்றாள் மங்கலம். “ஒடைச்சது நானு. புது அடுப்பு காயற வரைக்கும் உங்க எல்லாருக்கும் நாந்தான் சோறு அனுப்புவேன்.”

“பின்ன? ஒடைச்சவங்கதானே அனுப்பணும்!” ஜெய்னப்புக்குக் கோபம் தீரவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் தட்சிணாமூர்த்தி பிடித்துக்கொண்டார்.

“உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது? அரிசிக்கு ஊரே அல்லாடுது. ரேஷன்ல போடறது நமக்கே பத்தல. இதுல ஊருக்கெல்லாம் படியளக்கறியா?”

மங்கலம் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

“உலைமூடியைத் தொறந்து பாத்தேங்க. வெறும் தண்ணி. ஒரு குறுணை கூட இல்ல. அரிசிப் பானையும் காலி. நாலு பேர் கண்ணுக்குப் பொகை தெரியணும்னு வெறும் தண்ணிய கொதிக்க விட்டுகிட்டு இருந்திருக்கா. எத்தினி நாளாவோ!”

“அப்ப, ஒரு கிண்ணம் சோறு கொண்டுபோய்க் குடுத்திருக்கலாமே? அடுப்ப ஏன் ஒடைக்கணும்?”

“முந்தாநாளு கொண்டு போனேங்க. நாங்க ஆக்கிட்டோம்க்கான்னு அப்படியே திருப்பிக் குடுத்துட்டா. அடுப்பு நல்லாயிருக்கற வரைக்கும் அவ எங்கிட்ட சோறு வாங்க மாட்டா.”