பஜ்ஜிக்கும் காபிக்கும் நடுவில்

பெண் பார்க்க வந்த இளம்பரிதியின் போன், பஜ்ஜி வந்தபோது போன்களின் மவுசுப் பட்டியலில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. காபி வருவதற்குள் நாற்பதாவது இடத்துக்குச் சரிந்துவிட்டது.

பெண்ணின் அப்பா தன் போனில் அந்தத் தரவரிசையைப் பார்த்துவிட்டு எழுந்தார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. இந்த போன் வச்சிருக்கிறவருக்குப் பொண்ணைக் குடுத்தா சொந்தக்காரங்க சிரிப்பாங்க."

வாசலில் இளம்பரிதியின் ஒரு செருப்பைக் காணவில்லை. எல்லோரும் கால் மணி நேரம் தேடினார்கள். அதற்குள் 'அந்தக் காலத்து மாடல்' என்று அவன் போனுக்குப் புது மவுசு வந்து, மறுபடியும் முதலிடம்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை!" என்றார் அப்பா.

பெண் கவிநிலா இரண்டாவது காபியை நீட்டியபடி அவனிடம் மெதுவாகச் சொன்னாள்: "செருப்பு வாஷிங் மெஷின்ல இருக்கு. இன்னொண்ணையும் குடுங்க. கல்யாணத்துக்குள்ள உங்க போன் ரேங்க் இன்னும் எத்தனை தடவை விழுமோ!"