ஏரிக்கரையில் ஆஜர்

கேஸ் நாளும் அதுவுமாகச் சிட்டம்மாள், கன்னியப்பன் வண்டியில் ஏறிப் போனதை நடவு வயலே நிமிர்ந்து பார்த்தது.

“இன்னா அநியாயம் பாரு. நம்ம காலனிக்குப் போற வழிய வேலி போட்டு அடச்சது அந்தாளு. அவரு மேல கேஸ் போட்டது இவ. இப்ப அவரு வண்டியிலயே குந்திக்கினு போறா,” என்றாள் ஷீபா.

“பேசி முடிச்சிட்டாங்க போல. நம்ம வழி அவ்ளோதான்,” என்றாள் மலர்க்கொடி.

கையோடு வாயும் வேலை செய்தது. நாற்றுக்கட்டு தீருவதற்குள் சிட்டம்மாளுக்கு வயலிலேயே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது.

வண்டி ஏரிக்கரையில் நின்றது. ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கேதான்.

மார்கழிப் பனி இன்னும் கலையவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத வெள்ளை. அதற்கு நடுவே, போனில் நீதிபதியம்மாவின் முகம் வந்தது.

முன்பெல்லாம் சிட்டம்மாள் கூலியை விட்டுவிட்டு உத்திரமேரூர் கோர்ட்டுக்குப் போய், வராந்தாவில் கால் கடுக்க நின்று, வாய்தாவோடு திரும்புவாள். இப்போது இருந்த இடத்திலிருந்தே பேசலாம் என்று மாற்றியிருக்கிறார்கள். காலில் சேறுகூடக் காயவில்லை, எதிரில் நீதிபதி. கனவு மாதிரி இருந்தது.

“சிட்டம்மாள், நான் பேசறது கேக்குதா?”

“கேக்குதும்மா.”

“போன தடவையும் நீங்க வரலை. இன்னிக்கும் வராம இருந்திருந்தா கேஸைத் தள்ளுபடி பண்ணியிருப்பேன்.”

“தெரியும்மா. காத்தால என் போனு சேத்துல வியுந்து செத்துப்போச்சு. இது இரவல் போனு.”

நீதிபதி காகிதத்தைப் புரட்டினார்.

“எதிர்த்தரப்பு கன்னியப்பன் இன்னும் லைன்ல வரலை. வக்கீலும் வெச்சுக்கலை. அவர் வரலைன்னு எழுதி, உங்க பக்கமே தீர்ப்பு சொல்லிடலாம். வேலியை எடுத்துடுவாங்க. என்ன சொல்றீங்க?”

பனிக்குள் அந்த வழி அவளுக்கு முழுசாகத் தெரிந்தது. வேலி இல்லை. பிரசவ வலி கண்டவளை ஏற்றிக்கொள்ள ஆட்டோ வாசல்வரை வருகிறது. ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சிட்டம்மாள் சேற்றுக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்பிடி எய்தாதீங்கம்மா. அவரு வந்துதான் கீறாரு. அவரு போன்லதான் நான் பேசிக்கினு கீறேன். என் கையெல்லாம் சேறுன்னு, அவரேதான் புடிச்சிக்கினு நிக்கிறாரு.”