ஏழாம் எண்ணுக்கு மூன்று

துணித்திரைக்குப் பின்னாலிருந்து ஏழாம் எண் வாசிக்கத் தொடங்கிய அரை நிமிடத்திலேயே சாக்ஸபோன் அக்கா மதிப்பெண் தாளிலிருந்து தலை தூக்கினாள்.

இது பெண்.

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. கீழ் ஸ்வரங்களை இவ்வளவு பதுங்கிப் பதுங்கி ஊதுவது யார்? பக்கத்து அறையில் யாரும் முகம் சுளித்துவிடக் கூடாதே என்று, சாக்ஸபோனின் அகன்ற வாயில் துண்டைத் திணித்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகியவர்கள்தான். அக்காவும் அப்படிப் பழகியவள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தக் குழாய் என்று அப்பா தினமும் கேட்ட வீடு அது.

அதே மெட்டைத் திரும்பி வாசித்த மூன்றாவது சுற்றில் அந்த வாசிப்பு மெல்ல நிமிர்ந்தது. பிறகு அது போன போக்கைக் கேட்டு, பக்கத்தில் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்த பியானோக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல வாசிப்பு என்று மட்டும் சொன்னால் அது கஞ்சத்தனம்.

அக்கா இந்த ஜாஸ் குழுவுக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் பெட்டியோடு வந்து நின்றவளிடம், பாட வந்தாயா என்று கேட்டார்கள். வாசிக்க என்றதும் சிரித்தார்கள். வாசித்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. இடம் கிடைக்க மட்டும் இன்னும் நான்கு வருடம் ஆனது.

ஆளைப் பார்த்து எடுக்காதீர்கள், காதால் கேட்டு எடுங்கள் என்று வருடக்கணக்கில் கத்தி இந்தத் திரையைக் கொண்டுவந்ததே அவள்தான். பெயர் கிடையாது, எண் மட்டும். செருப்புச் சத்தத்தில் ஆள் தெரிந்துவிடும் என்று கம்பளம் விரிக்கச் சொன்னதும் அவள்தான்.

இன்று எடுக்கப்போவது இரண்டாவது சாக்ஸபோன். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி.

குழுவின் சுவரொட்டியில் அவள் படம்தான் பெரிது. குழுவின் ஒரே பெண் என்று அதன் கீழே ஒரு வரி. அந்த வரி இல்லாமல் தன்னை நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெரியாது. வயது ஐம்பத்தெட்டு. மேல் ஸ்வரங்களில் மூச்சு முன்போல் நிற்பதில்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. இந்த நேரத்தில் பக்கத்தில் இன்னொருத்தி, அதுவும் இப்படி வாசிக்கிற ஒருத்தி வந்து உட்கார்ந்தால்?

தாளில் மூன்று என்று எழுதினாள். பத்துக்கு மூன்று.

எழுதியதுமே வெட்கமாக இருந்தது. பென்சில்தான், மேசையில் ரப்பரும் இருந்தது. அழிக்கவில்லை.

நான்காம் எண்ணுக்கு அவள் ஏற்கெனவே ஒன்பது போட்டிருந்தாள். அடித்து நொறுக்குகிற வாசிப்பு. கொஞ்சம் திமிர், நிறையத் தப்பு, தப்பைப் பற்றிக் கவலையே இல்லை. சந்தேகமில்லாமல் ஆண்பிள்ளை என்று முடிவு கட்டி, நிம்மதியாகப் போட்ட ஒன்பது. வாத்தியத்துக்கு ஆண் பெண் தெரியாது என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னவள் அவள்.

கூட்டிப் பார்த்ததில் நான்காம் எண் ஒரே ஒரு மதிப்பெண்ணில் முந்தியது. திரையை விலக்கினார்கள்.

ஏழாம் எண், வழுக்கைத் தலை மனிதர் ஒருவர். ஐம்பதை நெருங்கிய வயது. மனைவி படுத்த படுக்கையாம்; அவள் தூக்கம் கலையக் கூடாது என்று பத்து வருடமாகத் துண்டைத் திணித்து வாசித்தே பழகிவிட்டதாகப் பியானோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் எண் ஒரு பெண். மிஞ்சிப்போனால் இருபத்துமூன்று வயது.

டிரம்ஸ்காரர் எழுந்து நின்றார். அக்காவின் ஒன்பதுதான் இந்தப் பெண்ணைக் கரைசேர்த்தது, முப்பது வருடப் போராட்டம் வீண்போகவில்லை என்றார். அறையே கைதட்டியது. அக்காவுக்கு முகம் எரிந்தது, நிமிர முடியவில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அந்தப் பெண் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“திரை இருந்தும் நான் பொண்ணுன்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருச்சு, இல்லக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் அக்கா வாயெடுத்தாள். சுற்றிலும் அத்தனை பேர் பூரித்து நின்றார்கள். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

இரண்டடி தள்ளி, வழுக்கைத் தலைக்காரர் சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை நின்றது. அந்தச் சின்னவளைப் பெண் என்று தெரிந்து எடுத்தார்கள், தான் ஆண் என்று தெரிந்து தன்னைக் கழித்தார்கள் என்று அவர் புரிந்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது. அப்படியில்லை ஐயா, உங்களைப் பெண் என்று நினைத்துத்தான் கழித்தேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

“அப்ப அந்தத் திரை எதுக்கும்மா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர்போலக் கேட்டுவிட்டு, அவள் பதிலுக்காக அங்கேயே நின்றார்.