படத்தில் இருந்தவன்

துபாயிலிருந்து வந்த மறுநாளே ஆன்ட்ரூஸ், மனைவி ஷெர்லியோடு நாகர்கோவிலில் நடந்த படக்கதைக் கண்காட்சிக்குப் போனான். அவள் கையால் வரைந்து தைத்த புத்தகமும் அங்கே மேசைமேல் இருந்தது. அதில் எழுத்தே இல்லை, எல்லாம் படங்கள்.

ஆன்ட்ரூஸ் அதைப் பின்பக்கமாகத் திறந்தான். மீசை வைத்த ஒருவன் முட்டம் என்ற கடற்கரை ஊரில் இருந்த அவர்களுடைய வீட்டு வாசலில் நின்று சிரித்தான். இன்னொரு படத்தில் ஷெர்லியை பைக்கில் ஏற்றிப் போனான்.

"ஆருட்டி இவன்?"

ஷெர்லி அந்தப் படத்தை விரலால் தடவினாள்.

"நம்ம ஊர்க்காரனா?"

"ஆமா."

"நான் அங்க கெடந்து கஷ்டப்படுதேன். நீ இங்க இவனப் பாத்துப் பாத்து வரஞ்சிருக்க, இல்லியா?"

"பாத்து வரையல. நெனச்சு வரஞ்சேன். முதல் பக்கத்துலேருந்து பாருங்க."

கோபத்தோடு திருப்பினான். முதல் பக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு எடுத்த சிவப்புச் சட்டையோடு ஏழு வயதுப் பையன் கடற்கரையில் நின்றான். அடுத்த பக்கத்தில் அவனுக்கு எட்டு வயது. அதற்கடுத்ததில் ஒன்பது.

"பெனிட்டோ..." என்றான் ஆன்ட்ரூஸ். சுனாமி மகனைக் கொண்டுபோய்ப் பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது.

"இப்ப இருந்தா இருபது வயசு," என்றாள் ஷெர்லி. "மூக்கு உங்களப் போலத்தான் வரஞ்சேன். உங்களுக்கே தெரியலியே."