வாடாத ஒற்றை மரம்

ஆராய்ச்சித் தோப்பில் பேரீச்சை மரமெல்லாம் பூஞ்சை பிடித்துக் கருகியிருக்க, நடுவில் ஒன்று மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. விஞ்ஞானிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“பூஞ்சைக்கு வெள்ளி நானோத் துகள் மருந்து சார். ரூம்ல உக்காந்தே ட்ரோன்ல அடிச்சேன்,” என்று தோப்பைப் பார்க்க வந்த மேலதிகாரியிடம் சொன்னார்.

“மத்த மரமெல்லாம்?”

“அதுங்களுக்கு மருந்தை ஏத்துக்கிற பக்குவம் இல்ல.”

“இதுல காயே காணோமே?”

“சத்தெல்லாம் ஓலைக்குப் போயிடுது சார்.”

மேலதிகாரி பூரித்துப்போனார். “உங்களுக்கு விருது நிச்சயம். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடறேன்,” என்று போனை எடுத்தவர் முகம் சுளித்தார். “சிக்னலே இல்லையே?”

அப்போது பெட்டியோடு வந்த போன் கம்பெனி ஆள், அந்த மரத்தின் அடியில் இருந்த கதவைச் சாவி போட்டுத் திறந்தார்.

“எப்படி சார் இருக்கும்? அழகா இருக்கட்டும்னு டவரை மரம் மாதிரி செஞ்சு வச்சோம். எவனோ வேலை மெனக்கெட்டு அது மேல வெள்ளியை அடிச்சு வச்சிருக்கான்.”