நனையாத புகார்

பல்கலைக்கழகப் பாதுகாப்பு அறையின் மேசையில், ஆய்வகத்தைக் கூட்டும் அம்மாவின் பை கவிழ்ந்து கிடக்கிறது. டிபன் டப்பா, பல் உடைந்த சீப்பு, காய்ச்சல் மாத்திரை. திருடியதாகச் சொன்ன போன் மட்டும் இல்லை. அதற்குள் புகார் கொடுத்த ஆராய்ச்சி மாணவியின் தோழி ஓடிவந்து, பனி பூத்த போனைப் புகார்த் தாளின் பக்கத்தில் வைக்கிறாள். "ஃப்ரீசர்ல இருந்துச்சுடி. சாம்பிளோட சேத்து நீயே உள்ள வச்சிருக்க." காவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். மாணவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூன்று வருடமாகத் தினமும் பார்க்கிற ஆள். சந்தேகப்படும் நபரின் பெயர் கேட்ட இடத்தில், பெயர் தெரியாமல் 'கூட்டுறவங்க' என்று எழுதியிருக்கிறாள். பனி உருகிய தண்ணீர் அந்த எழுத்தை நோக்கி மெல்ல ஓடுகிறது. சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, தோளில் கிடந்த துணியால் சட்டென்று அதை ஒற்றி எடுக்கிறார். "நீங்க எழுதினது நனைஞ்சிரும், எடுத்துக்கங்கம்மா."