இரண்டு பிடி

“சுரங்கத்தை வீட்டுக்குள்ளயே கொண்டு வந்தாச்சா?” என்று முணுமுணுத்தபடிதான் மனைவி பால்கனியில் அந்தத் தொட்டிக்கு இடம் விட்டாள்.

மண் ஆய்வாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிலக்கரி தோண்டுவதற்கு முன் வழித்தெடுத்த மேல்மண், பல வருடங்களாக மலைபோல் குவிந்து கிடந்தது. மூடிய சுரங்கத்தின் மேல் அதைத் திரும்பப் பரப்பினால் செடி வருமா? கொஞ்சம் அள்ளிவந்து தொட்டியில் நிரப்பி, அவரைக்கொட்டை ஊன்றினார். முதலில் சோனியாக நின்ற கொடி, இப்போது கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தது.

“மண்ணுல உயிர் இருக்கு! அப்படியே பரப்பிடலாம்னு நாளைக்குச் சுரங்க ஆபீஸ்ல சொல்லிடப்போறேன்.”

மனைவி சாப்பிடாமல் தட்டிலிருந்த சோற்றை அளைந்தாள். “நாளைக்கே சொல்லணுமாங்க?”

“ஏன்?”

“கொடி வாடி நின்னுச்சு. உங்க முகமும் தொங்கிப்போச்சு. மனசு கேக்கல. என் ரோஜாத் தொட்டியிலேர்ந்து ரெண்டு பிடி மண்ணை அதுல போட்டுட்டேன்.”

“அடிப்பாவி! சோதனையையே கெடுத்துட்டியே!”

தொட்டியைக் கவிழ்க்கப் போனவரின் கை பாதியில் நின்றது. “உரம் ஏதாவது போட்டியா?”

“சத்தியமா இல்ல. வெறும் மண்ணுதான்.”

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கொடியின் அடிமண்ணை விரலால் கிளறிப் பார்த்தார்.

“இந்த மண்ணு செத்துப்போகல. தனியாக் கிடந்து வாழ மறந்துபோச்சு, அவ்வளவுதான். ஞாபகப்படுத்த, சுரங்கத்து மேல நடுற ஒவ்வொரு கன்னுக்கும் ரெண்டு பிடி நல்ல மண்ணு போதும்.”

மனைவி தன் ரோஜாத் தொட்டியைச் சற்றுப் பின்னால் நகர்த்தி வைத்தாள்.